லாச்சிக்குள் ஒரு காது

மூக்குக் கண்ணாடி அணிந்தவரைக் கண்டால் "படித்தவர்" என்கிறது உலகம். காதிலே கருவி அணிந்தவரைக் கண்டாலோ, "பாவம், வயது போய்விட்டது" என்கிறது. கண்ணுக்கு ஒரு நீதி, காதுக்கு ஒரு நீதி! இதற்கு அஞ்சியே நாமும் இரண்டு ஆண்டுகளை வீணாக்கினோம். நாற்பதைத் தாண்டிய சில காலத்திலேயே எமது செவிகள் மந்தமடையத் தொடங்கிவிட்டன. நாம் கண்ட முடிவோ வேறு: இக்காலத்துப் பிள்ளைகள் வாய்க்குள்ளே முணுமுணுக்கிறார்கள் என்பதே அது.

ஒரு நாள் வரலாற்று வகுப்பு. வணிகர் செழிக்கும்படி மன்னன் எதனை நீக்கினான் என்று வினவினோம். "தடையை" என்றான் ஒரு மாணவன். எமக்குக் கேட்டதோ "படையை". "படையை நீக்கினால் நாட்டை யார் காப்பது?" என்று நகையாடி அவனை நிற்க வைத்தோம். அடுத்தவன் உரக்கச் சொன்ன விடையைப் பாராட்டினோம். மணி அடித்தபின் வேறொரு மாணவன் தயங்கித் தயங்கி வந்து, "சேர், அவனும் தடை எண்டுதான் சொன்னவன்" என்றான். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. எத்தனை பிள்ளைகளின் சரியான விடைகளை நாம் பிழையாக்கியிருப்போம்?

செவிப் பரிசோதனை உண்மையைச் சொல்லிற்று. ஒவ்வோர் உட்காதிலும் ஏறத்தாழ 16,000 நுண்ணிய மயிர்க்கலங்கள் உள்ளன. அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. உயர்ந்த சுருதியை உணரும் கலங்களே பெரும்பாலும் முதலிற் பழுதுறுகின்றன. பேச்சிலே உயிரெழுத்துகளின் ஒலி வலியது. தாழ்ந்த சுருதியிலும் நிற்பது. தகரத்தையும் பகரத்தையும் சகரத்தையும் வேறுபடுத்திக் காட்டும் ஒலிக்கூறுகளோ மெல்லியவை. உயர்ந்த சுருதியைச் சார்ந்தவை. ஆகவே பேசுவது கேட்கும், பேசியது விளங்காது. பழியைப் பேசியவர்மீது போட்டுவிடுவோம். இவ்வகையில் நாம் தனியாள் அல்லோம். உலகில் ஏறத்தாழ 150 கோடி மக்களுக்கு ஏதோ ஓரளவு செவிக்குறை உண்டென்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது.

முன்னாளிற் கேட்கும் கருவி என்பது சட்டைப் பையிற் கனக்கும் ஒரு பெட்டி. 1947இல் டிரான்சிஸ்டர் தோன்றி, 1952இல் அது கேட்கும் கருவிக்குள்ளும் புகுந்தபின் பெட்டி சுருங்கத் தொடங்கிற்று. இன்று அவரைக்கொட்டை போலக் காதின் பின்னே ஒளிந்துகொள்கிறது.

வெள்ளவத்தையிலே, காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றிலே எமது வீடு. கருவியை அணிந்த முதல் நாள், பத்திரிகையைப் புரட்டினால் தகரம் கிழிவது போலிருந்தது. மின்விசிறி இரைந்தது, காகங்கள் காதுக்குள்ளேயே கரைந்தன, கடலோரப் புகையிரதம் வீட்டுக்குள் நுழைவது போலத் தோன்றிற்று. எமது குரலே பானைக்குள்ளிருந்து வருவதாய்ப் பட்டது. மாலையிற் கழற்றி எறிந்துவிடலாமா என்று எண்ணினோம்.

குற்றம் கருவியுடையது அன்று. பல ஆண்டுகளாக இச்சிற்றொலிகளைக் கேளாதிருந்த மூளை, எதனைக் கவனிப்பது, எதனைத் தள்ளுவது என்பதை மீண்டும் பயில வேண்டும். அதற்குச் சில கிழமைகள் செல்லும். முதலில் வீட்டிலே சில மணி நேரம், ஒருவரோடு உரையாடல், பின்னர் இருவர், அதன்பின் வீதி, சந்தை கடைசியில். கருவி தானே கீச்சிட்டால் அது காதிற் சரியாகப் பொருந்தவில்லை என்று கொள்க. கடற்காற்றின் ஈரம் இதற்குப் பகை. இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகள் இட்ட மூடிய போத்தலில் வைத்தல் நன்று.

வீட்டாருக்கும் ஒரு பாடம் உண்டு. கூச்சலிடுதல் உதவி ஆகாது, சொல் சிதையும். முதலிற் பெயர் சொல்லி அழையுங்கள். முகம் தெரிய நின்று, நிதானமாகப் பேசுங்கள். தொலைக்காட்சியைச் சற்று நிறுத்துங்கள்.

இவ்வளவும் கற்றபின்னர் கொட்டாஞ்சேனையில் வசிக்கும் எமது பெரியம்மாவிடம் சென்றோம். மகன் வாங்கிக் கொடுத்த கருவியை மூன்றாம் நாளே அலுமாரி லாச்சிக்குள் வைத்துப் பூட்டியவர் அவர். "தம்பி, உந்த மெசினைப் போட்டால் காகம் கத்துறதுதான் கேக்குது, நீ கதைக்கிறது விளங்குதில்லை" என்றார். எமது காதைக் காட்டினோம். "உனக்குமா?" என்று வியந்தவர், சற்று நேரத்தில் லாச்சியின் திறப்பைத் தேடினார். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று உடன்படிக்கை செய்துகொண்டோம். ஒரு மாதம் கழிந்து சென்றபோது, அடுப்படியிற் கடுகு வெடிப்பது முன்னறையில் இருந்த தமக்குக் கேட்டதென்று குழந்தைபோல் மகிழ்ந்தார். எல்லாம் விளங்குகிறதென்று சொல்லவில்லை. பேர்த்தி சொல்வது விளங்குகிறது என்றார். அது போதாதா?

வாசகர்களே, உங்கள் வீட்டு லாச்சியிலும் ஒரு காது உறங்குகிறதா என்று பாருங்கள். உறங்கினால், உரியவரைக் கடிந்துகொள்ளாமல் பக்கத்தில் அமர்ந்து பேசுங்கள்.

எமது கணக்கில் ஒரு கடன் மீதியிருந்தது. வகுப்பிலே கருவியைக் கழற்றி எல்லோருக்கும் காட்டி, மீண்டும் அணிந்துகொண்டு, அன்று நிற்க வைத்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் தலை குனிந்து மெல்ல ஏதோ சொன்னான். இம்முறை அது தெளிவாகக் கேட்டது: "பரவாயில்லை, சேர்."