மறுபத்தியம்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு கோணல் கிண்ணம் உண்டு. சூளையில் ஒருபக்கமாகச் சாய்ந்து வெந்துவிட்டது. விற்பனைக்கு ஆகாது என்று ஒதுக்கியதைச் செராமிக் பட்டறையில் வேலை பார்த்த பெரியப்பா எடுத்துவந்தார். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி தோண்டும்போது கிடைக்கும் வெள்ளைக் களிமண்தான் விருத்தாசலத்துச் சூளைகளில் ஜாடியாகவும் பொம்மையாகவும் அகல் விளக்காகவும் மாறுகிறது. அந்த மண்ணில் பிறந்த எங்கள் கிண்ணம் பரணைவிட்டு இறங்கினால், வீட்டில் யாரோ காய்ச்சலில் படுத்திருக்கிறார்கள் என்று பொருள். அது கஞ்சிக்கு மட்டுமான கிண்ணம்.

எங்கள் ஆயா வைத்தது ஒரே கஞ்சி அல்ல. முதல் நாள் நொய்யை நிறையத் தண்ணீரில் வேகவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்து உப்புப் போட்டுக் கொடுப்பார். மறுநாள் நொய்யும் சேர்ந்து வரும். சுக்கும் சீரகமும் தட்டிப் போட்டிருப்பார். அதற்கடுத்த நாள் கெட்டியாகும், பாசிப்பருப்பு சேரும். பிறகுதான் குழைந்த சோறும் மிளகு ரசமும். கறிக்குழம்பு வாசனை பிடித்து நாங்கள் அழுதால், “வயிறு இன்னும் எழுந்திரிக்கலடா, பொறு” என்பார்.

அந்தப் படிக்கட்டு எவ்வளவு பழையது என்று பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் இரண்டாம் அத்தியாயத்தில் 28 வகைக் கஞ்சிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. பசி மந்தத்துக்கு ஒன்று, வயிற்றுப்போக்குக்கு ஒன்று, தாகத்துக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் வேலை தனி. சார்ங்கதர சம்ஹிதை தண்ணீரின் அளவையே வைத்துப் பெயர் பிரிக்கிறது. அரிசி ஒரு பங்குக்குத் தண்ணீர் 14 பங்கு வைத்துக் காய்ச்சி இறுத்த தெளிவு மண்டம். 6 பங்கு வைத்தால் யவாகு. 4 பங்கில் கெட்டியாக வெந்தால் விலேபி. கஞ்சியில் மருந்தின் அளவைத் தீர்மானிப்பது தண்ணீர்தான்.

வாந்திக்கும் பேதிக்கும் மருந்து கொடுத்து உடலைச் சுத்தம் செய்த பிறகு ஆயுர்வேத வைத்தியர்கள் கடைப்பிடிக்கும் முறை இன்னும் துல்லியமானது. முதலில் பேயா என்ற நீர்த்த கஞ்சி, அடுத்து விலேபி, அதன்பின் பயறு வேகவைத்த சாறு, கடைசியில் இறைச்சிச் சாறு. முழுச் சுத்தி என்றால் ஒவ்வொன்றும் மூன்று வேளை. பன்னிரண்டு வேளை முடிய ஏழு நாள் ஆகும். நம் சித்த மருத்துவத்தில் இதற்கு அழகான ஒரு சொல் இருக்கிறது. மருந்து சாப்பிடும்போது இருப்பது பத்தியம். மருந்து முடிந்த பிறகும் இருப்பது மறுபத்தியம்.

அந்தச் சொல்லை நாம் தொலைத்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். போன மாதம் சித்தப்பா பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பினார். பாதி நாள் குளுக்கோஸ்தான் ஏறியது. கையில் கொடுத்த சீட்டில் மாத்திரைகளுக்குப் பதினோரு வரி. சாப்பாட்டுக்கு ‘நார்மல் டயட்’ என்று ஒரே வரி. பாசம் மிகுந்த சொந்தக்காரர்கள் அன்றிரவே பரோட்டாவும் சால்னாவும் வாங்கிவந்தார்கள். மூன்றாம் நாள் வாந்தியும் பேதியுமாக மறுபடியும் அதே கட்டிலில் கிடந்தார்.

பல நாள் சரியாகச் சாப்பிடாத உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால், இன்சுலின் பெருகி, ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் போய்விடும். இதயம் தடுமாறும், உயிரே போகலாம். 1945இல் நாஜி முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பலர், அன்போடு கொடுக்கப்பட்ட கனத்த உணவைத் தாங்காமல் இறந்தார்கள். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி, மெலிந்து ஆஸ்பத்திரியில் சேரும் குழந்தைக்கு 100 மில்லியில் 75 கலோரி உள்ள எஃப்-75 என்ற நீர்த்த பாலுணவைத்தான் முதலில் தருகிறார்கள். உடம்பு தேறிய பிறகே 100 கலோரி உள்ள எஃப்-100. ஆயாவின் அடுப்பும் இந்தப் படிகளில்தான் ஏறியது.

முதல் நாள் தெளிவில் உப்புப் போட்டதற்கும் காரணம் இருக்கிறது. கஞ்சியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைகிறது. அது உப்பிலுள்ள சோடியத்தையும், சோடியம் தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. 1971 வங்கப் போரின்போது பங்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரால் காலராவை எதிர்கொண்டது இந்த அடிப்படையில்தான். பின்னாளில் குளுக்கோஸுக்குப் பதில் அரிசிமாவு சேர்த்த கரைசலும் காலராவுக்கு நன்றாகவே வேலை செய்தது.

நோய்க்கு மட்டுமல்ல, பசிக்கும் அடுப்பே மருந்து என்று கண்ட இடம் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து நெய்வேலி தாண்டிப் போனால் வடலூர். அங்கே வள்ளலார் 1867 மே 23ஆம் தேதி சத்திய தருமசாலையைத் தொடங்கினார். பசியை அவர் ஒரு பிணியாகவே கண்டார். அதற்கு மருந்தாக மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. தொடங்கிப் பத்து வருஷத்துக்குள் 1876-78 பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. பசித்து வந்தவர்களை எங்கள் பக்கத்து மண் இப்படித்தான் எதிர்கொண்டது: முதலில் அடுப்பு, பிறகு மற்றதெல்லாம்.

கஞ்சி எல்லா நோயையும் தீர்க்கும் என்று சொல்ல வரவில்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓஆர்எஸ் கரைசலும் மருத்துவரும்தான் முதலில். சர்க்கரை நோயாளிக்கு வெள்ளரிசிக் கஞ்சி சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இதய நோயாளிகளும் உப்பின் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் நோய் போன பிறகு வயிறு எழுந்து நிற்க அவகாசம் தேவை என்ற அறிவை டப்பாவில் வரும் சத்துமாவு தந்துவிடாது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரை வீட்டுக்கு அழைத்து வரும்போது, மருத்துவரிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: “முதல் நாள் என்ன கொடுக்கட்டும், மூன்றாம் நாள் என்ன கொடுக்கட்டும்?” பார்க்கப் போகிறவர்கள் பொட்டலம் எதையும் பிரிக்கும் முன் அந்தப் பதிலை விசாரியுங்கள். சித்தப்பா இரண்டாம் முறை வீடு திரும்பிய அன்று, கோணல் கிண்ணத்தைப் பரணிலிருந்து இறக்கினேன்.