கொடைக்கானலுக்குக் காரை எண்ணினால் போதுமா?

சென்னையிலிருந்து மதுரை ரயிலில் வருகிறவர்கள், ‘கொடைக்கானல் ரோடு’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்ததும் விடியற்காலையில் பெட்டி படுக்கையை இறக்குகிறார்கள். கொடைக்கானல் பெயரில்தான் இருக்கிறது. ஏரி இருப்பது இன்னும் 80 கிலோமீட்டர் தள்ளி, மலைக்கு மேலே. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வத்தலக்குண்டு போக வேண்டும். அங்கே மலை பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டும். உட்கார இடம் கிடைக்குமா என்பது வந்த பிறகுதான் தெரியும். ஸ்டேஷன் வாசலிலேயே டாக்ஸிக்காரர் கூப்பிடும்போது அந்தக் குடும்பம் ஏறிக்கொண்டால் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேலே போனாலும் இதே பாடுதான். ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர்; நடந்துவிடலாம், வாடகை சைக்கிள் எடுக்கலாம். ஆனால் பைன் காடு, குணா குகை, தூண் பாறை என்று பார்க்க வேண்டிய இடங்கள் ஊரைத் தாண்டி அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கே போக டாக்ஸியை விட்டால் சொந்தக் கார். சீசனில் போக்குவரத்துக் கழகம் சுற்றுலா பஸ் விட்டதுண்டு. கோடை விழா முடிந்த பிறகும் மக்கள் வருகிறார்களே!

வெளியூர்க்காரருக்கு இது இரண்டு நாள் சிரமம். மேல்மலைக்காரருக்கு வாழ்க்கை முழுவதும். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று மேல்மலை ஊர்கள் நீளுகின்றன. பூண்டும் கேரட்டும் விளைவிக்கிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வரும் கர்ப்பிணிகள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு சில பஸ்கள்தான். மூஞ்சிக்கல்லிலோ ஏழு ரோடு சந்திப்பிலோ கார்கள் அடைத்துக்கொண்டால், அவர்கள் பஸ்ஸும் பின்னால் நிற்கும். ஒரு பஸ் தவறினால் ஜீப்புக்குக் கொடுக்கும் பணம் அன்றைய கூலியில் பாதியைத் தின்றுவிடும். மகளிர் கட்டணமில்லாப் பயணத்தை மலைப்பகுதிகளுக்கும் நீட்டிப்பதாக 2024 பட்ஜெட்டில் சொன்னார்கள். நல்ல அறிவிப்பு. ஆனால் பஸ் வந்து நின்றால்தானே அது அந்தப் பெண்களுக்குப் பயன்படும்?

சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, மலைக்கு வரும் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. அரசு பஸ்ஸுக்கு அந்த வரம்பு விதிக்கப்படவில்லை. கதவு திறந்தே இருக்கிறது. நாம்தான் உள்ளே நுழையவில்லை. காருக்கு நாலு பேர் என்று வைத்தாலும், நிறைந்த ஒரு பஸ் பன்னிரண்டு கார்களை மலையேறாமல் நிறுத்திவிடும். காரைக் குறைக்கச் சொல்லும் அரசு, பஸ்ஸைக் கூட்டாவிட்டால் அது பாதி வேலைதான்.

காலை ரயிலுக்கு நேரம் பார்த்து, கொடை ரோட்டிலிருந்து நேராக மலைக்கு ஒரு பஸ் வேண்டும். பெருமாள்மலையில் கார்களை நிறுத்த இடம் பார்த்து, அங்கிருந்து ஏரிக்கும் தூண் பாறைக்கும் வருடம் முழுக்க மினி பஸ் ஓட வேண்டும். ஒரே டிக்கெட்டில் நாள் முழுதும் ஏறி இறங்க வழி வேண்டும். மேல்மலை பஸ்களைச் சீசனில் வேறு தடத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது; கூடுதலாகவே விட வேண்டும்.

இதற்கெல்லாம் பணமும் அனுமதியும் தேவை, மாவட்ட ஆட்சியர் முனைந்தாலும் சில மாதங்கள் ஆகும். ஆனால் கிளாவரைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் பெரிய எழுத்தில் எழுத ஒரு டப்பா பெயிண்ட் போதும். அதை இந்த வாரமே செய்யலாம்.