புத்தகம் பார்த்துப் பின்னல் கற்கலாமா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று தறிக்காரரிடம் சொன்னால் அவர் உடனே ஆமோதிப்பார். பாவு ஓடுவதையும் அச்சில் இழை கோப்பதையும் எந்த ஏடும் அவருக்குக் கற்பிக்கவில்லை. தறிக்குழிக்கு அருகே தவழ்ந்து, தார் சுற்றி, அறுந்த இழையை முடிந்து, தொழிலின் பாதியைக் கண்ணாலேயே கற்றவர் அவர். ஆதலின், பின்னல் வேலையை ஒரு புத்தகத்தைத் துணைக்கொண்டு நம் அங்கத்தினர் இல்லங்களில் கற்பிக்கலாம் என்ற யோசனையைக் கேட்டு அவர் நகைப்பாராயின் அதில் வியப்பில்லை. ஆயினும் அந்த நகைப்பு முற்றும் நியாயமானதன்று என்பது எம் கருத்து.

பின்னல் என்று இங்கே குறிப்பது, இரண்டு ஊசிகளைக் கொண்டு ஒரே நூலில் துணி ஆக்கும் வேலையை. ஆங்கிலத்தில் 'நிட்டிங்' என்பர். நெசவில் பாவு நெடுக்கே நிற்க, ஊடை குறுக்கே போகிறது. பின்னலில் பாவே கிடையாது. ஓர் இழை வளையமாக வளைகிறது. அந்த வளையத்தினூடே அதே இழை இன்னொரு வளையமாக இழுக்கப்படுகிறது. ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. பனியனை இழுத்தால் நீள்வதும் வேட்டியை இழுத்தால் நீளாததும் இந்தக் கண்ணியின் வளைவினால் வரும் வேற்றுமையே. ஒரு கண்ணி நழுவினால் அதன் கீழுள்ளவை ஒவ்வொன்றாக அவிழ்ந்து ஏணிபோல் இறங்கிவிடும். ஆனால் இந்தக் குறைதான் புதிதாகக் கற்பவருக்குப் பெரிய வசதியும் ஆகும். தறியில் கெட்ட கெஜம் கெட்டதுதான். பின்னலிலோ பிழையானதை இழுத்துப் பிரித்துவிட்டு, அதே நூலைச் சுற்றி வைத்துக்கொண்டு மறுபடியும் தொடங்கலாம். பயில்பவர் கையில் நூல் வீணாவதில்லை. ஆசிரியர் இன்றிப் பயில்வதற்கு இதனினும் தோதான கைத்தொழில் வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆசிரியர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மையன்று. காந்தியடிகள் தம் சுயசரிதையில் கதர் பிறந்த கதையைக் கூறுமிடத்தில் ஒரு செய்தி வருகிறது. 1915-ல் தொடங்கிய ஆசிரமத்தில் தறி நிறுத்தியபோது நெய்யத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பாலன்பூரிலிருந்து ஒரு நெசவாளர் வரவழைக்கப்பட்டார். அவர் கற்பித்தார், ஆனால் தம் வித்தை முழுவதையும் கற்பிக்கவில்லை. மகன்லால் காந்தி என்னும் உறவினர், இயந்திர நுட்பத்தில் இயற்கையாகவே ஈடுபாடு உடையவராதலால், எஞ்சியதைத் தாமே கண்டறிந்து மற்றவருக்கும் கற்பித்தார். அதே மகன்லால் பின்னர் 1924-ல் இராட்டையைப் பற்றி 'சர்க்கா சாஸ்திரம்' என்ற நூலை எழுதினார். 1926-ல் ரிச்சர்ட் கிரெக் என்ற அமெரிக்கருடன் சேர்ந்து தக்ளியில் நூற்கக் கற்பிக்கும் சிறு புத்தகம் ஒன்றையும் வெளியிட்டார். வித்தையில் பாதியை ஒருவர் மறைத்து வைத்துக்கொண்டதன் இடைஞ்சலை அனுபவித்தவர், தாம் அறிந்ததை அச்சில் ஏற்றி எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். புத்தகத்துக்கு ஆயிரம் குறை சொல்லலாம். உறவினருக்கு ஒரு விதமாகவும் அயலாருக்கு ஒரு விதமாகவும் சொல்லிக்கொடுக்க அதற்குத் தெரியாது.

கண்ணால் பார்த்துக் கற்கும் தொழில் எவ்வளவு தூரம் பரவும் என்பதற்குத் தென்பாண்டி நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் தம் பள்ளியில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவர் மகள் எலைசா 1844-ல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடி சென்றார். அந்த வேலையும் அவருடன் இடையன்குடி சென்றது. ஒரு கலியாணம் எவ்வளவு தூரம் போயிற்றோ அவ்வளவு தூரம் கைவேலையும் போயிற்று. நம் வட்டாரத்திலும் நிலைமை இதுவே. தறி உள்ள வீட்டில் பிறந்த பிள்ளைக்கு நூலின் குணம் தெரியும். அடுத்த தெருவில் நெல்லும் மல்லாட்டையும் பயிரிடும் குடியானவர் வீட்டுப் பெண்ணுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஒரே சங்கத்தில் இருவரும் பங்கு வைத்திருக்கின்றனர். ஒருவர் வீட்டு வித்தை மற்றவர் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. அந்த வாசலைத் தாண்டக்கூடியது புத்தகம் என்பதனாலேயே இந்த யோசனையை நாம் ஆதரிக்கிறோம்.

ஆனால் எந்தப் புத்தகம்? இங்கேதான் சங்கடம் தொடங்குகிறது.

பின்னல் புத்தகங்களுள் பெரும்பாலானவை குளிர் நாட்டாருக்கென்று, கம்பளி நூலைக் கருதி, ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. 1840-ல் எடின்பரோவில் ஜேன் காகெய்ன் என்ற அம்மையார் வெளியிட்ட புத்தகம் இவ்வகையில் முன்னோடி. பின்னும் முறையைச் சுருக்கெழுத்துக் குறிகளாக அச்சிடும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர்களுள் அவரும் ஒருவர். அன்றுமுதல் அந்தக் குறிகள் பெருகி, இன்று ஓர் ஆங்கிலப் பின்னல் புத்தகத்தைத் திறந்தால் அல்ஜீப்ராப் பாடம்போல் 'கே 2, பி 2' என்று வரிசை வரிசையாக நிற்கிறது. பட்டம் பெற்ற பெண்ணும் முதற் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவாள். குறிக்குப் பின்னால் உள்ள செய்தியோ மிக எளிது. நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வளையத்தை நம்மை நோக்கி இழுப்பது ஒன்று. நூலை முன்னால் வைத்துக்கொண்டு வளையத்தை அப்புறம் தள்ளுவது மற்றொன்று. முன்னதை முன்கண்ணி என்றும் பின்னதைப் பின்கண்ணி என்றும் சொல்லிவிட்டால் ஏழு வயதுக் குழந்தைக்கும் விளங்கும். உலகத்துப் பின்னல் வகைகளில் மிகப் பல இவ்விரண்டின் கலப்பே.

அடுத்தது ஊசி நம்பர். பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8-ஆம் நம்பர் ஊசி 4 மில்லிமீட்டர் பருமன். நூல் நம்பரைப்போலவே இதிலும் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். ஆதலால் நெசவாளருக்கு இது இயல்பாகப் படும். அமெரிக்கக் கணக்கோ தலைகீழ்: நம்பர் ஏறினால் ஊசி பருக்கும், அங்கே 8-ஆம் நம்பர் என்பது 5 மில்லிமீட்டர். எந்த நாட்டுப் புத்தகம் என்று பாராமல் நம்பரை மட்டும் நம்பி ஊசி வாங்குவோர் பாடு என்னவாகும் என்று சொல்ல வேண்டுவதில்லை. நம் புத்தகத்தில் மில்லிமீட்டர் ஒன்றையே குறிக்க வேண்டும்.

நூல் விஷயம் இன்னும் முக்கியமானது. புத்தகங்கள் 'டபிள் நிட்டிங்' என்று ஒரு பருமனைச் சொல்கின்றன. முதன்முதலாகக் கற்பவருக்கு அது ஏற்றதுதான். அது கம்பளிக் கடையில் பந்தாகக் கிடைக்கும் சரக்கு. அதற்கு விலை கொடுக்க நம்மவரால் இயலாது. கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு ராத்தலில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனையோ அதுவே பருத்தி நூலின் நம்பர் என்பது நெசவாளர் அனைவரும் அறிந்தது. 20-ஆம் நம்பர் ஒற்றை நூல் ராத்தலுக்கு 16,800 கெஜம். அதில் 16 இழையைச் சேர்த்துப் பிடித்தால் ராத்தலுக்கு 1,050 கெஜம் ஆகிறது. டபிள் நிட்டிங் என்று விற்கப்படும் பருத்தி நூலின் பருமன் ஏறத்தாழ இதுவே. தறியில் மிஞ்சும் துண்டு நூலும் தாரில் நின்றுபோன கடைசி நூலும் ஒரே நம்பராக இருப்பின் இப்படிச் சேர்த்து முறுக்கிப் பழகுவதற்குப் போதும். இத்தகைய கணக்கை எந்தச் சீமைப் புத்தகமும் நமக்குப் போட்டுக் கொடுக்காது. இதைப் போட்டுக் கொடுப்பதுதான் நெசவாளர் சங்கம் செய்யத்தக்க வேலை.

புத்தகம் சொல்லும் மற்றொரு விதியைப் பலரும் அலட்சியம் செய்கின்றனர். அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எதைப் பின்னத் தொடங்குமுன்னும் 4 அங்குலச் சதுரமாக ஒரு மாதிரித் துண்டு பின்னிப் பார்க்க வேண்டும் என்பது அந்த விதி. மேற்சொன்ன நூலில் 4 மில்லிமீட்டர் ஊசியால் பின்னினால் 4 அங்குலத்தில் 22 கண்ணி வர வேண்டும் என்று புத்தகம் சொல்லும். 10 அங்குல அகலத்துக்கு 55 கண்ணி ஏற்றச் சொல்வது அந்தக் கணக்கினால்தான். இறுக்கிப் பின்னும் கைக்கு 4 அங்குலத்தில் 26 கண்ணி விழுந்துவிடும். அப்போது அதே 55 கண்ணி எட்டரை அங்குலத்தில் முடிந்துவிடும். குழந்தைக்கு என்று தொடங்கிய குல்லாய் பொம்மைக்குத்தான் உதவும். அங்குலத்துக்கு எத்தனை இழை என்று அச்சைக் கண்டே துணியின் தரத்தைச் சொல்லும் நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அச்சுக்குப் பதிலாக இங்கே அவரவர் கையின் இறுக்கமே அளவாக நிற்கிறது. அவ்வளவே வேற்றுமை. அந்த இறுக்கத்தைப் படம் காட்டாது, எழுத்தும் காட்டாது. புத்தகம் தோற்கும் இடம் இது ஒன்றுதான். மாதிரித் துண்டு அந்தத் தோல்வியை அடி நாடாவால் அளந்து காட்டிவிடுகிறது.

கைப்பேசியிலேயே அசையும் படமாகக் காட்டுகிறார்களே, புத்தகம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்பர். பார்க்கட்டும், தடை இல்லை. ஊசி எப்படி நுழைகிறது என்பதைக் காண அது நன்றே. ஆனால் இரண்டு கையிலும் ஊசி இருக்கும்போது படத்தை நிறுத்துவது யார்? விரித்து வைத்த பக்கம் எவ்வளவு நேரமும் காத்திருக்கும். அன்றியும், இருவராக அமர்ந்து ஒருவர் வாசிக்க மற்றவர் பின்னுவது இந்த வேலைக்கு மிகப் பொருத்தமான முறை. எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி வரி வரியாக வாசிப்பாள். எழுத்தறியாத, ஆனால் நாற்பது வருஷம் நூலோடு பழகிய பாட்டியின் விரல் அதைச் செய்யும். பேத்திக்குப் புரியாததைப் பாட்டியின் கை புரிந்துகொள்ளும். நெசவாளர் வீடும் குடியானவர் வீடும் இப்படி இணை சேர்ந்தால் இன்னும் நன்று.

வருமானத்தைப் பற்றிச் சிலர் பேசத் தொடங்கியிருப்பதால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிற்று. மற்றப் பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. இனி யாத்ரிகர் வருவர், அவர்களுக்குப் பின்னல் சாமான்களை விற்கலாம், சங்கமே பின்னல் நிலையம் தொடங்கலாம் என்பது அந்தப் பேச்சு. பங்குனி வெயிலில் ராஜகிரி ஏறி இறங்கியவர் கேட்பது மோரும் நுங்கும், குல்லாய் அன்று. விளையாட்டு நிற்க, திருப்பூரில் 1920-களில் கையால் சுற்றும் பின்னல் இயந்திரங்களோடு தொடங்கிய தொழில் இன்று உலகமெங்கும் பனியன் துணி அனுப்புகிறது. பழகிய கைக்குச் சில மணி நேரம் பிடிக்கும் துண்டை அங்கே இயந்திரம் நிமிஷங்களில் உதிர்க்கிறது. அதனோடு விலைப் போட்டிக்கு நம் சகோதரிகளை நிறுத்துவது அறமாகாது. பயிற்சி கொடுத்து, ஊசி கொடுத்து, சான்றிதழும் கொடுத்து, பிறகு வாங்குவாரின்றிக் கைவிடப்பட்ட மாதர் தொழில் வகுப்புகளைப் பல ஊர்களில் பார்த்தாயிற்று. கூலி தருவதாக ஆசை காட்டித் தொடங்கும் எந்த நிலையத்துக்கும் சங்கத்தின் பணத்திலிருந்து ஒரு ரூபாயும் ஒதுக்கக் கூடாது.

பின் எதற்காகப் பின்னல்? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாவு காய வெயில் இன்றித் தறி நிற்கும் நாட்கள் எத்தனை! மல்லாட்டை ஆய்ந்து முடித்தபின் குடியானவர் வீட்டிலும் கை சும்மா இருக்கும் மாதங்கள் உண்டு. மார்கழிப் பனியில் கைக்குழந்தையின் காதை மூடவும், விடியலில் ஏற்றம் போய் மோட்டார் வந்த பின்னும் கிணற்றடிக்குப் போகும் முதியவர் தலைக்கும், பருத்தி நூற் குல்லாய் கடையில் வாங்காமல் வீட்டிலேயே ஆகும். பருத்திப் பின்னலைக் கொதிநீரில் போடலாம். மேல்நாட்டு மாதர் பலர் பருத்தி நூலில் நீண்ட கட்டுத்துணி பின்னித் தொழுநோய் மருத்துவமனைகளுக்கு அனுப்பியதும் அந்தக் குணம் கருதியே. பாத்திரம் துலக்கும் துண்டும் சமையலறைப் பிடிதுணியும் முதற் பாடத்துக்குப் போதும். விற்பனை என்ற எண்ணம் இல்லாவிடில் ஏமாற்றமும் இல்லை.

1844-ல் ராக்டேலில் கூட்டுறவுக் கடை திறந்த முன்னோடிகளுள் நெசவாளர்களும் இருந்தனர். சில ஆண்டுகளுக்குள் அவர்கள் வாசகசாலை ஏற்படுத்தினர். பிறகு உபரியில் நூற்றுக்கு இரண்டரையைக் கல்விக்கென்றே எடுத்து வைத்தனர். நம் சங்கம் அவ்வளவு செய்ய வேண்டாம். ஆங்கிலம் அறிந்த இரண்டு சகோதரிகளும், நூற்கணக்கு அறிந்த ஒரு மூத்த நெசவாளரும் சேர்ந்து, நம் நூலின் நம்பருக்கும் நம் பேச்சுக்கும் ஏற்ப இருபது பக்கத்தில் ஒரு கைப்புத்தகம் தயாரிக்கட்டும். கண்ணி ஏற்றுவது, முன்கண்ணி, பின்கண்ணி, கண்ணி அடைப்பது, நழுவிய கண்ணியை மீட்பது: இவ்வளவே அதில் இருக்கட்டும். அச்சுக்கூலியைச் சங்கம் ஏற்கும்படி வரும் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவரலாம். ஊசிக்குப் பணம் தேவையில்லை. முற்றிய மூங்கிலைப் பென்சிலினும் மெல்லிதாக, 4 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, முனையைக் கூராக்காமல் உருட்டி, உப்புத்தாள் தேய்த்து, மெழுகு தடவினால் வழுவழுப்பாக ஓடும். மறுமுனையில் கண்ணி நழுவாதிருக்க ஒரு புளியங்கொட்டையைத் துளையிட்டுச் செருகிவிடலாம்.