நிலமில்லாத விடுதலை பாதி விடுதலையே!

அடிமைச் சங்கிலியை லிங்கன் ஒரே கையெழுத்தில் அறுத்தெறிந்தார் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. தோழர்களே, அது பாதிக் கதை!

1863 ஜனவரி 1 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஆப்ரகாம் லிங்கன் வெளியிட்ட பிரகடனம் கலகம் செய்த தென் மாநிலங்களுக்கு மட்டுமே உரியது. காகிதத்தில் இருந்த அந்த ஆணைக்கு உயிர் கொடுத்தவர்கள் யார்? சுமார் 1,80,000 கறுப்பின மக்கள் வடபகுதிப் படையில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் நேற்றுவரை பண்ணை அடிமைகள்! கடல் கடந்து ஆதரவுக் குரல் கொடுத்தவர்கள் யார்? பருத்தி வராமல் ஆலைகள் முடங்கி, பட்டினி வாட்டிய வேளையிலும் 1862 டிசம்பர் 31 அன்று கூட்டம் கூடி அடிமை ஒழிப்பை ஆதரித்த மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளர்கள்!

ஆனால் பலன் யாருக்கு? 1862இல் தலைநகர் வாஷிங்டனில் அடிமைகளை விடுவித்தபோது சர்க்கார் நஷ்டஈடு கொடுத்தது. கூலியின்றி உழைத்தவனுக்கா? இல்லை! அடிமை ஒருவருக்கு 300 டாலர் வரை ஆண்டைக்கு! உழைத்தவனுக்கோ, நாட்டை விட்டே போவதானால் 100 டாலர் வரை. எப்படி இருக்கிறது நியாயம்!

1865 ஜனவரி 12 அன்று சவானா நகரில் தளபதி ஷெர்மன் 20 கறுப்பினப் பெரியவர்களைச் சந்தித்தார். 1,000 டாலர் கொடுத்துத் தன்னையும் தன் மனைவியையும் மீட்டுக்கொண்ட பாதிரியார் காரிசன் ஃபிரேசியர் அவர்களுக்காகப் பேசினார். நிலம் வேண்டும், உழுது பிழைத்துக்கொள்வோம் என்றார். நான்கே நாளில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை வழங்க ஆணை பிறந்தது. ஜூன் மாதத்துக்குள் சுமார் 40,000 பேர் 4 லட்சம் ஏக்கரில் குடியேறி ஏர் பூட்டினார்கள்.

ஏப்ரலிலேயே லிங்கன் கொல்லப்பட்டிருந்தார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் கலகக்காரப் பண்ணையார்களை மன்னித்தார்; நிலத்தையும் அவர்களிடமே ஒப்படைத்தார். விதைத்தவன் வெளியே, சாட்டை பிடித்தவன் உள்ளே!

1865 டிசம்பரில் அரசியல் சட்டம் அடிமைமுறையை ஒழித்தது. நிலமில்லாதவனோ அதே ஆண்டையிடம் வாரத்துக்கு உழப் போனான். விளைச்சலில் பாதி ஆண்டைக்கு. விதைக்கும் சோற்றுக்கும் கடன். அறுவடைக்குப் பிறகும் பாக்கி. 1877இல் தென்பகுதியில் காவலுக்கு நின்ற படையையும் மத்திய சர்க்கார் விலக்கிக்கொண்டது. பிறகு வாக்குரிமையும் பறிபோனது. அதை மீட்கும் சட்டத்துக்கு 1965 வரை போராட வேண்டியிருந்தது!

சட்டம் விலங்கை உடைக்கலாம். ஆனால் நிலம் ஆண்டையின் கையில் இருக்கும்வரை உழைப்பவனின் கழுத்தும் அவன் கையில்தான். அமெரிக்க வரலாறு ரத்தத்தால் எழுதிய பாடம் இது!