உங்க சாமி உங்களுக்கு, கவுன்சலிங் வந்தவருக்கு!

பாஞ்சாலங்குறிச்சியில் வீரசக்கதேவி, தூத்துக்குடியில் பனிமய மாதா, காயல்பட்டினத்தில் பள்ளிவாசல்கள். பக்தியில் ஊறிய மாவட்டம் இது. கவுன்சலரும் அப்படியொரு வீட்டில் இருந்துதான் வருகிறார். எதிரே உட்காரும் இளைஞர், "எனக்கு ஆண்களைத்தான் பிடிக்குது" என்றால்? "அது பாவம், மாத்திக்கோ" என்று சொல்லலாமா?

கூடாது. ஊரின் மத நம்பிக்கைக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 3-வது பிரிவு. பாலீர்ப்பை மருத்துவரீதியாக 'மாற்றும்' முயற்சிகளுக்கு 2021 ஜூன் 7-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. மருத்துவர் அதைச் செய்தால் தொழில் ஒழுங்கீனம் என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் அறிவித்தது.

அந்த வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் செய்ததைக் கவனியுங்கள். இந்த விஷயத்தில் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டார். தீர்ப்புக்கு முன் ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார்.

கவுன்சலருக்கும் அதுதான் வழி. நம்பிக்கையை விட வேண்டாம்; அதைத் தீர்ப்பாக்கவும் வேண்டாம். மனசு தடுமாறினால் மூத்தவரிடம் கேளுங்கள். வந்தவர், "நான்தான் தப்பு" என்ற எண்ணத்தோடு மட்டும் வெளியே போகக் கூடாது.