இரு குலத்துப் பிள்ளைகளின் பொருட்டு

கள்ளக்குறிச்சி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு, எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு திறந்த மடல்.



உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் சாலையில் அமைந்த எங்கள் ஊருக்கும், மேற்கே நிற்கும் கல்வராயன் மலைக்கும், கரும்பு வெட்டும் கூலியாலும் கடுக்காய், தேன், புளி வியாபாரத்தாலும் நெடுநாளாக உறவு உண்டு. அவ்வுறவு சிற்சில குடும்பங்களில் விவாகமாகவும் கனிந்தபடியால், மலையில் ஓர் ஆயாவும் சமவெளியில் ஓர் ஆயாவும் வாய்க்கப்பெற்ற பிள்ளைகள் இன்று நம்மிடையே வளர்ந்து வருகிறார்கள். அவர்கள் பொருட்டே இவ்விண்ணப்பம்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கும், வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்த மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கும் பிறந்த மகளை நான் அறிவேன். தொட்டிலில் கிடக்கும்போதே தகப்பனை இழந்த அக்குழந்தை, தாயுடன் மலையேறி, சாமைக் கொல்லையில் களை பறித்து, உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, சளிக்கும் காய்ச்சலுக்கும் மலைப்பாதையில் காத்துக் கிடந்து, அம்மக்களில் ஒருத்தியாகவே ஆளானாள். ஆயினும், ஜாதிச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்தில் போய் நின்றபோது, “அப்பா சர்டிபிகேட்டைக் கொண்டுவாம்மா” என்ற ஒரே வார்த்தையில் அவளுடைய பதினேழு ஆண்டு வாழ்வும் கணக்கில் சேராமற் போயிற்று.

தகப்பன் ஜாதியே பிள்ளையின் ஜாதி என்னும் அனுமானம் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது அசைக்கவொண்ணாத விதியன்று. குஜராத்தின் ரமேஷ்பாய் டாபாய் நாயிகா வழக்கில், 2012 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றம், பழங்குடித் தாயால் அச்சமூகத்திலேயே வளர்க்கப்பட்டு, அதன் இல்லாமையையும் அவமானத்தையும் அனுபவித்த பிள்ளை, அதனைச் சாட்சியங்களால் மெய்ப்பிக்க இடமுண்டென்று தெளிவாக உரைத்திருக்கிறது.

தாய்வழிக் குலமும் பொருட்படுத்தத்தக்கது என்பதற்கு மலையாளிகளின் தொல்கதையே சான்று பகர்கிறது. 1906-இல் வெளிவந்த தென்னார்க்காடு ஜில்லா கெஜட்டியர் பதிவு செய்துள்ள ஐதிகத்தின்படி, காஞ்சியிலிருந்து வந்த வேளாளர்கள், அம்மலையில் முன்னமே வாழ்ந்த வேடரைக் கொன்று, அவர்தம் பெண்டிரை மணந்தார்கள்; மாண்ட வேடக் கணவனின் நினைவாகத் திருமணங்களில் வானை நோக்கித் துப்பாக்கி வெடிக்கும் சம்பிரதாயமும் அந்நாளில் இருந்ததாம். கொடுமையில் தொடங்கிய அந்தக் கலப்பில், தாய்வழிக் குலத்தைத் தங்கள் மங்கல காரியத்திலேயே நினைவுகூர்ந்த ஒரு ஜனத்திடம், தாய்வழி வந்த பேத்தி உங்களைச் சேர்ந்தவள் அல்லள் என்று காகிதத்தைக் காட்டிச் சொல்வது நியாயமாகுமா? தந்தைவழியை மட்டும் நோக்கும் இப்போக்கு அலுவலகத்தோடு நின்றுவிடவில்லை; நம் அரசியல் சாசனத்தின் 366-ஆம் பிரிவும் ஆங்கிலோ-இந்தியரைத் தந்தைவழி ஐரோப்பிய மரபைக் கொண்டே வரையறுக்கிறது. அவர்களைப் பெற்றெடுத்த இந்தியத் தாய்மாரின் குலங்களுக்கு அவ்வாசகத்தில் இடமில்லை. அமெரிக்காவிலோ 2000-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைத் தன்னுடையதென்று குறிக்க ஒவ்வொருவருக்கும் வழி திறக்கப்பட்டது.

இதிலே ஒரு கடுமையான வார்த்தையையும் நான் சொல்லியாக வேண்டும். தகப்பனின் நிலபுலத்தில் செழிப்பாக வளர்ந்து, மலைப்பாதையை மிதித்தும் அறியாமல், கல்லூரி இடத்துக்காக மட்டும் தாயின் குலத்தைத் தேடி வருகிறவர்களுக்காக நான் பேசவில்லை. 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் கிடந்து, பள்ளியையும் பட்டாவையும் காலந்தாழ்ந்தே கண்ட அம்மக்களின் பங்கைப் பறித்துக்கொள்வது பந்துத்துவம் ஆகாது. இரு குலத்துப் பிள்ளை இரு குலத்துக்கும் கடமைப்பட்டவன். நலிந்த குலத்துக்கு அவன் படும் கடன் பெரிது.

ஆகையால் தங்களை வேண்டுவது இதுவே. பழங்குடிச் சான்றிதழ் வழங்கும் கோட்டாட்சியர்கள், இத்தகைய விண்ணப்பங்களைத் தகப்பன் சான்றோடு முடித்துவிடாமல், பிள்ளை வளர்ந்த மலையூருக்கே சென்று, ஊர்ப் பெரியவர்களையும் பள்ளி ஆசிரியரையும் அண்டை வீட்டாரையும் விசாரித்து, மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தரும்படி தாங்கள் உத்தரவிட வேண்டும். சமவெளி உறவைத் துறந்ததாக எழுதிக் கொடு என்று எந்தப் பிள்ளையையும் நிர்ப்பந்திக்கலாகாது. நான் மேலே சொன்ன பெண்ணுடைய அப்பாவின் தாய் இன்னும் எங்கள் தெருவிலேதான் இருக்கிறாள். கல்லூரிச் சேர்க்கை தொடங்குமுன் இவ்விசாரணைகள் முடிவடைய ஆவன செய்யுமாறு கோருகிறேன்.

இங்ஙனம்,
எலவனாசூர்கோட்டைவாசி ஒருவன்