ஜனவரி முடிந்த பிறகு

தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பு 2011-இல் தொடங்கியது. மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் ஆண்டுதோறும் ஜனவரிக் கடைசியில் இதை ஒருங்கிணைக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களின் குளங்களுக்குத் தன்னார்வலர்கள் விடியுமுன் குழுக்களாகப் பிரிந்து போகிறார்கள். கல்லூரி மாணவர், ஆசிரியர், வங்கி ஊழியர், விவசாயி என்று பலரும் ஒரே கரையில் நின்று எண்ணுகிறார்கள். ஒரு நதியின் படுகையை ஓர் அலகாக எடுத்துக்கொண்டு, அரசு உத்தரவுக்குக் காத்திராமல் மக்களே இத்தனை ஆண்டுகள் விடாமல் செய்துவரும் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் அரிது. பறவை நோக்கர்கள் எல்லோரும் பெருமைப்பட வேண்டிய வேலை இது.

ஆனால் தென்காசிக் குளங்களில் பறவைகளுக்கு ஆபத்து வரும் காலம் ஜனவரி அல்ல. தண்ணீர் கரை தொட்டு நிற்கும் தை மாதத்தில் வலசை வாத்துகளும் உள்ளான்களும் வந்து இறங்கியிருக்கும், பிசான நெல் வயலில் நிற்கும், குளத்தில் யாருக்கும் அவசர வேலை இருக்காது. மாசிக்குப் பிறகுதான் நிலைமை மாறுகிறது. நெல் அறுவடை முடிகிறது, நீர்மட்டம் இறங்குகிறது, மீன்பாசிக் குத்தகைக்காரர் மிச்சத் தண்ணீரை எப்போது வடிக்கலாம் என்று பார்க்கிறார். அதே நாட்களில் மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், கொக்கு, நீர்க்காகம் எல்லாம் குளத்து மரங்களில் குஞ்சுகளோடு இருக்கின்றன. நாம் எண்ணி முடித்து, பட்டியலை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு நடப்பவை இவை. இந்த மாதங்களில் நம்மில் மிகச் சிலரே குளத்துப் பக்கம் போகிறோம்.

அந்த மரங்களின் கதையைப் புதிதாகச் சேர்ந்த நண்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1980-களில் சமூகக் காடுகள் திட்டத்தில் தமிழகத்துக் கண்மாய்களிலும் குளங்களிலும் நாட்டுக் கருவேலம் நடப்பட்டது. விறகுக்காகவும் ஊராட்சியின் வருமானத்துக்காகவும் நடப்பட்ட மரங்கள் அவை. தண்ணீருக்கு நடுவே முள்ளோடு நின்றதால் நாயும் பூனையும் மனிதரும் எளிதில் நெருங்க முடியவில்லை. பறவைகள் அதைக் கண்டுகொண்டு கூடு கட்டத் தொடங்கின. விற்பதற்கென்று நட்ட மரமாதலால் வளர்ந்ததும் ஏலத்துக்கு வருகிறது. குளம் வற்றி லாரி உள்ளே இறங்கும் கோடையில் வெட்டுவதுதான் ஒப்பந்தக்காரருக்கு வசதி. கூட்டில் குஞ்சு இருப்பதும் அந்தக் கோடையில்தான். சீமைக் கருவேலத்தை அகற்றும் இயந்திரம் பக்கத்தில் நிற்கும் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்துச் சாய்த்துவிட்டுப் போவதும் உண்டு.

இதைத் தடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும், முட்டைக்கோ கூட்டுக்கோ இடையூறு செய்வதையும் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. காட்டுக்குள் நடந்தாலும் ஊர்க்குளத்தில் நடந்தாலும் அது பொருந்தும். நம்மிடம் இல்லாதது ஆதாரம். எந்தக் குளத்தில், எந்த மரத்தில், எந்த மாதம் எத்தனை கூடு இருந்தது என்று கேட்டால் எடுத்துக்காட்ட நம்மிடம் ஜனவரிப் பட்டியல்தான் இருக்கிறது. அதில் பறவை உண்டு, கூடு இல்லை.

திருப்புடைமருதூரை நினைத்துப் பாருங்கள். கடையத்துக்கு மேற்கே உள்ள மலையில் பிறக்கும் கடனாநதி தாமிரபரணியில் சேரும் இடம் அது. கோயிலைச் சுற்றியுள்ள மரங்களில் கூடு கட்டிய பறவைகளை ஊர் மக்களே காத்துவந்தார்கள். வனவிலங்குச் சட்டத்தில் 2002-இல் வந்த திருத்தம் பாதுகாப்புக் காப்பிடம் என்ற புதிய வகையை உண்டாக்கியது. நாட்டிலேயே முதலில் அந்தத் தகுதியைப் பெற்ற இடம் திருப்புடைமருதூர். ஆண்டு 2005, பரப்பு 2.84 ஹெக்டேர். ஏழு ஏக்கர்தான் இருக்கும். கூடு கட்டும் இடத்தைக் காக்கப் பெரிய சரணாலயம் கேட்க வேண்டியதில்லை என்பதற்கு நம் ஆற்றங்கரையிலேயே சான்று இருக்கும்போது, தென்காசிக் குளங்களுக்கு நாம் இதுவரை எதுவும் கேட்காமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

ஆகவே ஒவ்வொரு குழுவும் ஒரு குளத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். பிப்ரவரி முதல் ஜூன் வரை மாதம் ஒருமுறை போதும். கரையில் ஒரே இடத்தில் நின்று தொலைநோக்கியால் பார்த்து, பறவை அமர்ந்திருக்கும் கூடுகளை மட்டும் இனவாரியாக எண்ணுங்கள். மரங்களுக்கு எண் கொடுத்து, கையால் ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். மடையில் தண்ணீர் எந்தப் படி வரை நிற்கிறது என்று குறியுங்கள். கூடு ஒன்றுகூட இல்லாத மாதத்தையும் தேதியோடு பூஜ்யம் என்று எழுத வேண்டும். வெற்றுப் பக்கத்தை வைத்துக்கொண்டு கூடு இல்லையா, ஆள் போகவில்லையா என்று பின்னால் வருபவரால் தீர்மானிக்க முடியாது.

காலை எட்டரை மணிக்குள் கரையை விட்டு இறங்கிவிடுங்கள். பங்குனி வெயிலில் தாய்ப்பறவை பத்து நிமிடம் கூட்டை விட்டு எழுந்தாலே இறகு முளைக்காத குஞ்சு வாடிவிடும், காத்திருக்கும் காகம் முட்டையைத் தூக்கிவிடும். டிரோன் வேண்டவே வேண்டாம். கூடு கட்டும் குளத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்துப் போவதையும் நிறுத்த வேண்டும். நல்ல நோக்கத்தோடு செய்வதுதான், ஆனாலும் அது பறவைக்கு இடையூறு.

பிள்ளைகளுக்கு நம் மாவட்டத்தில் வேறு காலம் இருக்கிறது. சென்னையிலும் மதுரையிலும் பறவை நோக்கல் ஏறக்குறைய நின்றுபோகும் ஜூன், ஜூலையில் இங்கே சாரல் விழுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைவதால் சிற்றாறும் அனுமன்நதியும் குண்டாறும் கருப்பாநதியும் ஓடுகின்றன, கார் நெல் நடவு நடக்கிறது. இலஞ்சியிலோ ஆய்க்குடியிலோ வயல் வரப்பில் நின்றால் தூக்கணாங்குருவி பனையோலை நுனியில் கூடு பின்னுவதைப் பிள்ளைகள் மணிக்கணக்கில் பார்க்கலாம், பறவைக்குத் தொந்தரவு இல்லை. ஐந்தருவிச் சாலையில் கூட்டம் சேருமுன் போனால் சீகார்ப் பூங்குருவியின் சீழ்க்கை அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். குற்றால மலையின் முக்கியத்துவத்தையும் அங்கேயே சொல்லுங்கள். இந்தக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைத் தொடரின் உயரமான சோலைகளில் மட்டுமே வாழும் சோலைக்கிளி ஒன்று தனி இனம் என்று 2017-இல் அறிவியல் பெயர் பெற்றது. பெயரில் கிளி இருந்தாலும் அது நீல நிறச் சிறு பூச்சியுண்ணி. சில கிலோமீட்டர் அகலமுள்ள தாழ்வான கணவாயை அதனால் கடக்க முடியவில்லை. தங்கள் ஊரை ஒட்டிய மலையில் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை இருக்கிறது என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். ஆசிரியர்களுக்குத் தர ஒரு புத்தகம் கேட்பவர்களுக்கு: திருநெல்வேலியில் 1912-இல் பிறந்த மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’.

விவசாயிகளைப் பற்றியும் ஒரு சொல். ‘இந்தியப் பறவைகளின் நிலை 2023’ அறிக்கையில் நீண்டகாலப் போக்கு கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்திருக்கின்றன. மின்கம்பியில் அன்றாடம் பார்க்கும் பனங்காடையும் குறைந்துவரும் பட்டியலில் இருக்கிறது. மயிலோ வெகுவாகப் பெருகியிருக்கிறது. மயில் நிலக்கடலையைக் கிளறுகிறது, நாற்றை மிதிக்கிறது என்று விவசாயி சொன்னால் நம்மில் சிலர் முகம் சுளிக்கிறோம். அவர் சொல்வதும் அறிக்கை சொல்வதும் ஒத்துப்போகின்றன. அவருடைய இழப்பையும் குறிப்பேட்டில் எழுதி, வனத்துறை இழப்பீட்டுக்கு மனுப் போட உதவுங்கள். மடையைத் திறப்பதா அடைப்பதா என்று முடிவாகும் பாசன விவசாயிகள் கூட்டத்தில் உட்காருபவர் அவர்தான். குஞ்சுகள் பறக்கும்வரை அரை அடித் தண்ணீரை நிறுத்திவைக்கலாம் என்று அங்கே அவர் சொன்னால் நடக்கும். வெளியூரிலிருந்து கேமராவோடு வரும் நாம் சொன்னால் நடக்காது.

சேர்ந்த குறிப்புகளை அலுவலகத்தில் கொடுப்பதுதான் நம் குழுக்கள் தயங்கும் இடம். குளத்தைப் பொறுத்து ஊராட்சி, நீர்வளத்துறை, மீன்வளத்துறை, வனத்துறை என்று பொறுப்பு பிரிந்துகிடக்கிறது. நால்வருக்கும் நகல் கொடுத்து ஒப்புதல் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியவை இரண்டு: கூடுள்ள மரங்களை ஏலப் பட்டியலிலிருந்து நீக்குவது, மீன்பாசிக் குத்தகை நிபந்தனைகளில் ஜூன் வரை குறைந்தபட்ச நீர்மட்டத்தைச் சேர்ப்பது. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் உங்கள் குளத்தின் கூட்டுக் கணக்கைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

ஏல அறிவிப்பு வந்த பிறகு ஓடுவதில் பயனில்லை. இந்த ஆண்டுக் கணக்கை வைத்து மனு தயாரித்து, அடுத்த ஏலத் தேதி என்ன என்று இப்போதே ஊராட்சிச் செயலரிடம் கேட்டு வையுங்கள். கூட்டுக் கணக்குப் படிவத்தை அடுத்த இதழோடு இணைக்கிறோம். நிரப்பியவற்றை ஜூலைக்குள் அனுப்பினால் குளம் குளமாக வெளியிடுவோம், பூஜ்யங்களையும் சேர்த்து.